எட்டுப் பேருக்கு ஒரு கிளாஸ்

1

இதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டால் மனம் கொஞ்சம் இலேசாக இருக்கும். கண்டக்குழிப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தேன். கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். பூசையில் வாசகம் வாசிக்கச் சொல்லி சுவாமி கேட்ட போதெல்லாம் தடிமன் என்று சொல்லித் தப்பியவள் நான். இப்படிப்பட்ட ஒருத்தி, இளம் விஞ்ஞானிகளைப் பழக்குவது பற்றியும், குடி உடம்புக்குச் செய்வதைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நடந்ததை முழுக்கப் பார்த்தவர்களில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் கணவருக்குச் சேவியர் என்று வைத்திருக்கிறேன். அவர் இதை வாசித்துவிட்டு ஓர் இடத்தை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். "பேர் நல்லா இருக்கு, அத விடு" என்றும் சொன்னார்.

இந்த மாதத்தோடு நாங்கள் இத்தாலிக்கு வந்து பதினொரு வருடம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்ததால்தான் அந்தக் கணக்கு எனக்கு நினைவு வந்தது. புதுப்பிப்பது என்றால் தபால் கந்தோரில் ஒரு தடித்த உறை வாங்கி, அதிலுள்ள எல்லாப் பக்கங்களையும் நிரப்பி, பிறகு பொலிஸ் கந்தோரில் விரலடையாளம் வைக்கவேண்டும். என் விரலில் அடையாளமே இல்லை. தரை துடைக்கும் மருந்து அதைத் தின்றுவிட்டது. கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டு, இப்படி ஒரு ஆள் இல்லை என்கிறது. போன தடவை அங்கிருந்த பொலிஸ்காரர், "சிஞ்ஞோரா, இரண்டு வாரம் கையில் கிறீம் பூசிக்கொண்டு வாருங்கள்" என்றார். அரசாங்கம் எனக்குச் சொன்ன ஒரே அழகுக் குறிப்பு அது.

பாஷையும் அப்படித்தான். வந்த முதல் வருடம் நான் வேலை செய்த வீட்டின் ஐயா இறந்துபோனார். செத்த வீட்டில் எல்லாரும் அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். நானும் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே மரியாதைச் சொல்லைச் சொன்னேன். அது பிறந்தநாளுக்குச் சொல்லும் வாழ்த்து. அந்த அம்மா நல்லவர், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து இத்தாலி பாஷையில் மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். மற்றவர் பேசினால் விளங்கும்.

2

இப்போது நான் துப்புரவு வேலை செய்வது ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில். மூன்றாம் மாடி என்னுடையது. அங்கே ஆறு பிள்ளைகள் இரண்டு வருடப் பயிற்சி எடுக்கிறார்கள். பிள்ளைகள் என்றாலும் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். பாதிப்பேர் டொக்டர்கள். அளவு மீறிக் குடித்தால் ஈரல், இதயம், மூளை, வயிற்றிலிருக்கும் பிள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ச்சி செய்யப் பழகுகிறார்கள். இரத்தம், மெஷின் எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மனிதனிடம் "எவ்வளவு குடிக்கிறீங்கள்?" என்று கேட்கத்தான் தெரியவில்லை. பயிற்சியில் பாதி அதற்குத்தான்.

அவர்களைப் பழக்குகிறவர் அறுபது வயதுப் பெண். எல்லாரையும் போல நானும் அவரைப் பெரிய டொக்டர் என்றே சொல்கிறேன். முதல் வாரம் அவர் மேசை நிறையச் சின்னதும் பெரிதுமாகக் கிளாஸ்களை வைத்து, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைக் கொடுத்து, "ஆளுக்கு ஒரு அளவு வைன் ஊற்றுங்கள்" என்றார். ஊற்றினார்கள். பிறகு ஒவ்வொன்றையும் கோடு போட்ட குழாயில் ஊற்றி அளந்து காட்டினார். ஒருவர்கூடச் சரியில்லை. கிளாஸ் பெரிதானால் கையும் தாராளமாகிவிடுகிறது.

"உங்கள் கையே உங்களுக்குப் பொய் சொல்கிறது. மற்றவன் சொல்வதை எப்படி எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கிளாஸ்களையெல்லாம் கழுவியவள் நான். தொட்டி முழுக்கச் சிவந்து, கோழி வெட்டிய இடம் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஆறு பேரும் தங்கள் குடியைப் பற்றியே படிவம் நிரப்பினார்கள். அதில் எலிசா என்ற பிள்ளை, சுருட்டை முடி, பேனாவைக் கடிக்கும் பழக்கம், "நான் குடிப்பதில்லை" என்று எழுதியிருந்தாள்.

"நேற்று மதியம் எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டாயே. கிளாஸில் என்ன இருந்தது?"

"வைன். ஆனால் அது சாப்பாட்டோடுதானே, டொக்டர்!"

அறை முழுக்கச் சிரிப்பு. எலிசாவின் முகம் என் தொட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, பாவம் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களும் அதே வேலையைச் செய்யப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

எலிசாவின் ஆராய்ச்சி, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஆண்களைப் பற்றியது. இவர்கள் ஈரல் கெட்டு முடிந்த பிறகுதான் வைத்தியசாலைக்கு வருகிறார்கள், அதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினால் ஈரல் எவ்வளவு இறுகிவிட்டது என்று சொல்லும் மெஷின் ஒன்று இருக்கிறது. வலிக்காது. ஆனால் அது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் மூன்றாம் மாடிக்கு வரும். ஆகவே முதலில் கேள்வி கேட்டு, ஓர் அளவுக்கு மேல் குடிப்பவர்களை மட்டும் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் நான் குப்பைக் கூடையை எடுக்கும்போது எலிசா கேட்டாள். "உங்கள் ஊர் ஆட்கள் இங்கே இருக்கிறார்களாமே. எனக்கு உதவி செய்வீர்களா?"

என்னை அறிந்தவர்கள் நான் மாட்டேன் என்று தலையாட்டியிருப்பேன் என்றுதான் நினைப்பார்கள். நான் உடனே ஓம் என்றேன். எனக்கு அதில் ஒரு சுயநலம் இருந்தது.

சேவியருக்கு இரண்டு வருடமாகப் பின்னேரமானால் கால் வீங்குகிறது. கல்யாண மோதிரம் கழற்ற வருவதில்லை. கண்ணின் வெள்ளை பழைய துணி மாதிரி மங்கிவிட்டது. அவருடைய தமையன் யூட்டுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நாற்பத்தாறு வயதில் வயிறு வீங்கிப் புத்தளம் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊரில் எல்லா நோய்க்கும் சொல்வது போல அதையும் "வருத்தம்" என்று சொன்னார்கள். வேறு பெயர் யாரும் வைக்கவில்லை. டொக்டரிடம் போவோம் என்று சேவியரைக் கெஞ்சியும் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன்.

"டொக்டரிட்ட போனா வருத்தம் இருக்கெண்டுதான் சொல்லுவான். அவன்ட தொழில் அது" என்பார்.

அந்த மெஷினுக்கு முன்னால் அவரை ஒரு தரம் படுக்க வைத்துவிட்டால் போதும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

4

சேவியரோடு சேர்த்து எங்கள் கரையாட்கள் எட்டுப் பேர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஐந்து பேர் ஊரில் ஒரே கரைவலையை இழுத்தவர்கள். வாரத்தில் நாலு நாள், வேலை முடிந்து பின்னேரம் அவர்களில் ஒருவரான சிரிலின் கராஜில் கூடுவார்கள். பெண்கள் உள்ளே போவதில்லை. பொரித்த நெத்தலியும் அவித்த கடலையும் குடியோடு கொறிக்கும் பைட் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். சட்டி மட்டும் திரும்பி வரும்.

அங்கே ஒரு கிளாஸ்தான் இருக்கும். அது கரையிலிருந்து வந்த பழக்கம். கரைவலை இழுப்பவன் வெறுங்காலோடு மணலில் குதியை ஊன்றி இழுப்பான். மணலில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தால் ஒரு காலுக்கு ஒரு மாதம் வேலையில்லை. அதனால் கரைக்கு ஒரு கிளாஸுக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒருவர் ஊற்றுவார். வாங்கியவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார். அடுத்தவர் வாங்குவார். ஊற்றுகிறவர் கடைசியாகக் குடிப்பார். போத்தல் முடியும்வரை கிளாஸ் சுற்றும். இங்கே சிரிலின் கராஜில் சீமெந்துத் தரை, எல்லாரும் சப்பாத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கிளாஸ்தான்.

சிரில்தான் ஊற்றுகிறவர். ஊரிலும் அவர்தான்.

கண்டக்குழியில் இப்போது கரையோரம் விடுதிகள் வந்துவிட்டன. காற்றுப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓட வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். என் தங்கச்சிக்கு அங்கே ஒரு விடுதியில் குசினி வேலை. போன கிழமை போனில் சலித்துக்கொண்டாள். "உங்கட இத்தாலிக்காரரால பெரிய கரைச்சல் அக்கா. ஆளுக்கு ஒரு கிளாஸ், தண்ணிக்கு வேற, வைனுக்கு வேற. கழுவி மாளல்ல."

"நான் இஞ்ச அவங்கட கிளாஸத்தான் கழுவுறன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எலிசா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கராஜுக்கு வந்தாள். வெளியே சிரிலின் காருக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அதற்கு முன் என்னிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். சொன்னதை மட்டும் சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அதில் இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நானாக ஒன்றும் பேசத் தேவையில்லை.

"வாரத்தில் எத்தனை நாள்?"

"நாலு."

"ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?"

"ஒண்டு."

எட்டுப் பேரும் ஒண்டு என்றார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை, தலையைச் சொறியவில்லை. சேவியர் நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஊரில் யாராவது கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். "அவன் எங்களோட ஒரு கிளாஸ் எடுக்கிறவன்" என்றால் எங்கள் கூட்டத்து ஆள் என்று அர்த்தம். நானும் ஒன்று என்றே சொன்னேன், எனக்கும் அதில் பிழை தெரியவில்லை.

எலிசா கெட்டிக்காரி. "அந்தக் கிளாஸை நான் பார்க்கலாமா?" என்று கேட்டாள். சிரில் உள்ளே ஓடிப்போய்த் துடைத்துக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் ஊற்றி அளந்து குறித்தாள். சின்னக் கிளாஸ். எல்லாம் முறையாகச் செய்தாள். அதில் வேறு யாரும் குடிக்கிறார்களா என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு கிளாஸில் எட்டு வாய் படும் என்று அவள் ஊரில் யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

5

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் தங்கள் வேலையைப் பெரிய டொக்டருக்கு முன்னால் சொல்லிக் காட்டினார்கள். நான் பின்னால் என் தள்ளுவண்டியோடு கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

எலிசாவின் முறை வந்தது. திரையில் எட்டுக் கோடு, எட்டும் ஒரே உயரம், கரை வேலி மாதிரி. வாரத்தில் நாலு சின்னக் கிளாஸ். ஆபத்து இல்லை.

"அழகான முடிவு" என்றார் பெரிய டொக்டர். கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் அதிகமாகவே அழகு" என்றார். பிறகு, "சரி, இவர்கள் யாரையும் மெஷினுக்குக் கூப்பிடத் தேவையில்லை. அந்த நேரத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடு" என்றார்.

எலிசா குறித்துக்கொண்டாள்.

நான் கையிலிருந்த கிளாஸை வண்டியில் வைத்தேன். அப்போதுதான், வண்டியில் நான் அடுக்கியிருந்த ஏழு கிளாஸ்களைப் பார்த்தபோதுதான், பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. ஆளுக்கு ஒரு கிளாஸ் வைத்துக் குடிக்கிறவர்கள் கிளாஸை எண்ணுகிறார்கள். எங்களிடம் எண்ண ஒரு கிளாஸ்தான் இருக்கிறது.

எனக்குக் காது சூடாகியது. செத்த வீட்டில் சொன்ன வாழ்த்து நினைவு வந்தது. பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று கதவுவரை போனேன். கதவைத் திறந்தால் சேவியரின் ஈரலை எந்த மெஷினும் பார்க்கப் போவதில்லை. திரும்பி வந்தேன்.

"டொத்தோரெஸ்ஸா, மன்னிக்கணும்" என்றேன் பெரிய டொக்டரிடம். அதற்கு மேல் சொல் வரவில்லை. வண்டியிலிருந்து ஒரு கிளாஸையும் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலையும் எடுத்தேன். "எல்லாரும் எழும்புங்கள். வட்டமாக."

எழும்பினார்கள். துப்புரவுக்காரி எழும்பச் சொன்னால் கதிரைக்கு அடியில் ஏதோ கொட்டிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆறு பிள்ளைகள், பெரிய டொக்டர், நான். சரியாக எட்டு.

எங்கள் கரையில் பெண் ஊற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் ஊற்றினேன். முதலில் பெரிய டொக்டருக்கு. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துக்கொள்ளப் பார்த்தார். "இல்லை, முழுக்க" என்றேன். குடித்தார். கிளாஸை வாங்கி ஊற்றி எலிசாவிடம் கொடுத்தேன். பிறகு மற்றவர்கள். ஒரு பையன் கிளாஸின் விளிம்பைத் துடைத்தான். "துடைத்தால் மற்றவருக்கு அவமானம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாக நான் குடித்தேன். மூன்று சுற்று. போத்தல் முடிந்தது.

"எங்கள் ஆட்களிடம் கேட்டால், இது எத்தனை கிளாஸ்?"

"மூன்று" என்றான் விளிம்பைத் துடைத்தவன்.

"ஒன்று" என்றேன். மேசையில் வைத்த கிளாஸைக் காட்டினேன்.

எலிசா பேனாவைக் கடித்த கடியில் உதடெல்லாம் மை. பெரிய டொக்டர் திரையிலிருந்த எட்டுக் கோடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போத்தல் எத்தனை என்று அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்." இந்த நாட்டில் குப்பையைப் பிரித்துத்தான் போடவேண்டும். கண்ணாடிக்குத் தனித் தொட்டி. திங்கட்கிழமை காலையில் சிரிலின் மனைவியும் நானும் மற்றப் பெண்களும் முறை வைத்து அந்தப் பைகளைத் தூக்கிப் போகிறோம். என் முறையில் எத்தனை போத்தல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பெரிய டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம். உங்கள் கணவர் அதில் ஒருவர் இல்லையா? மனைவி சொன்னதை நாங்கள் எழுத முடியாது. அவராகத்தான் சொல்லவேண்டும். நாம் திரும்பக் கேட்போம், சரியாகக் கேட்போம்." பிறகு எலிசாவைப் பார்த்து, "முகத்தைத் துடை. நீ பிழை விட வேண்டிய இடத்தில்தான் பிழை விட்டிருக்கிறாய். பயிற்சி என்பது அதற்குத்தான்" என்றார்.

6

வீட்டுக்கு வந்து, வேறு யாரும் சொல்லுமுன் நானே சேவியரிடம் சொன்னேன்.

"அப்ப, நான் பொய் சொன்னன் எண்டு அவங்களுக்குச் சொல்லியிருக்கிறாய்."

"இல்ல. நீங்க சொன்னது உண்மை. அவங்களுக்குத்தான் கேக்கத் தெரியல்ல."

"நீயா ஊத்தினாய்?"

"ஓம்."

"முதல் யாருக்குக் குடுத்தாய்?"

"பெரிய டொக்டருக்கு."

"அது சரி" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் எலிசா புதுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். மனைவி மொழிபெயர்க்கக் கூடாது என்று புதுச் சட்டம். சேவியரிடம் கேட்டுவிட்டு எங்கள் மகன் றொஷானை உட்காரவைத்தாள். அவனுக்குப் பதினேழு வயது. ஊரைவிட்டு வரும்போது ஆறு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இத்தாலியில் பதில் சொல்வான். எந்நேரமும் காதில் வயர். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பெரிய மனிதன் மாதிரி அப்பாவுக்கு எதிரே இருந்தான். நான் அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

எத்தனை பேர் சேர்ந்து? எட்டு. எத்தனை போத்தல்? சேவியர் மேலே பார்த்து யோசித்துச் சொன்னார். என் போத்தல் பையின் கணக்கோடு அது ஒத்துப்போனது. நான் மூச்சு விட்டேன்.

அடுத்த கேள்வியை எலிசா தானாகச் சேர்த்திருந்தாள். எல்லாருக்கும் ஒரே அளவா?

றொஷான் அப்பாவிடம் கேட்கவேயில்லை. "ஆமாம், ஒரே அளவு" என்று இத்தாலியில் அவனே சொல்லிவிட்டான்.

சேவியருக்கு அவ்வளவு இத்தாலி தெரியும். "டேய். யாரு சொன்ன ஒரே அளவெண்டு? கேட்டுட்டுச் சொல்லு."

"அப்ப எப்பிடி?"

"மண்டாடிக்கு ரெண்டு."

"மண்டாடி எண்டா?"

நான் துடைப்பதை நிறுத்தினேன். ஊரில் மீனில் மண்டாடிக்கு இரட்டைப் பங்கு என்பது எனக்குத் தெரியும். கிளாஸிலும் அப்படித்தான் என்பதும் தெரியும். ஆனால் இந்த நாட்டில், சிரிலின் கராஜில், இன்னும் அது நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சேவியர் எழும்பி நின்றார். இங்கே அவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். முப்பது வயதுப் பையன் ஒருவன் அவருக்கு மேலாள். "கடலப் பாத்து மீன் எங்க நிக்குதெண்டு சொல்றவன் மண்டாடி. அவன் கையக் காட்டினாத்தான் வலை இறங்கும். இப்பிடி." குசினிக்கு நடுவில் கையைத் தூக்கி, விரித்து, மெல்ல இடப்பக்கம் இறக்கினார். "காட்டாட்டி நாப்பது பேரும் சும்மா நிக்கவேண்டியதுதான். விளங்கினதா?"

"கப்பல் கப்டன் மாதிரியா?"

"கப்டன் கப்பலுக்குள்ள நிப்பான்டா. நான் கரையில நிண்டு கடலுக்குள்ள பாக்கிறவன்."

றொஷான் அப்பாவையே பார்த்தான். பிறகு எலிசாவுக்கு நெடுநேரம் ஏதோ விளக்கினான். அவனும் ஒரு தரம் கையைத் தூக்கி இடப்பக்கம் இறக்கினான். எலிசா எல்லாவற்றையும் எழுதினாள்.

பிறகு கணக்குப் போட்டாள். றொஷான் அவளுக்கு முன்பே மனத்தில் போட்டு முடித்துவிட்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. என்னைப் போலில்லை, அவன் கணக்கில் கெட்டி.

"எட்டுப் பேரும் அளவைத் தாண்டுகிறார்கள்" என்றாள் எலிசா. "உங்கள் அப்பா எல்லாரையும்விட இரண்டு மடங்கு. இந்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல்."

றொஷான் அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தான். "அப்பா, வெள்ளிக்கிழமை போகணுமாம். சாப்பிடாம" என்றான். மற்றதைச் சொல்லவில்லை. கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அவனிடமும் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். எலிசா மறந்துவிட்டாள். நானும் நினைவுபடுத்தவில்லை.

"வெள்ளிக்கிழம வேலை" என்றார் சேவியர். உட்கார்ந்துவிட்டார்.

7

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குச் சிரில் வந்தார். மற்ற ஏழு பேரையும் எலிசா கேட்டு முடித்திருந்தாள், எல்லாரையும் கூப்பிட்டும் இருந்தாள். சிரில் கதிரையில் இருக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"நாளைக்குப் போறியா மச்சான்?"

"எனக்கு வேலை இருக்கு. நீங்க போங்க."

"நீ போகாட்டி ஒருத்தனும் போறானில்ல. எல்லாரையும் கேட்டுட்டன். மண்டாடி போறாரா, மண்டாடி போறாரா எண்டுறானுகள்."

"இதுக்கும் மண்டாடிக்கும் என்னடா?"

"மண்டாடி கை காட்டாம எங்கட வலை எப்பவாவது இறங்கினதா?"

"அது கடல்."

"ரெண்டு பங்கு வாங்கினது கடலிலயா? என்ட கராஜில. என்ட கையால ஊத்தினன், பதினொரு வருசம். ஒரு நாளாவது குறைச்சு ஊத்தினனா?" சிரிலின் குரல் உயர்ந்தது. "பங்கு வாங்கிற நேரம் மண்டாடி. பயப்பிடுற நேரம் மட்டும் மத்தவன் மாதிரியா? யூட் அண்ணனுக்கும் நான்தான் ஊத்தினன் மச்சான். எனக்கும் பயமா இருக்கு."

சிரில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நெத்தலி போட்டு அனுப்பிய சட்டியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். முதல் தடவையாக அந்தச் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

சாப்பிடும்போது றொஷான் அப்பாவைப் பார்த்து, "அப்பா, அங்க நாப்பது பேரும் உண்மையாவே சும்மா நிப்பாங்களா?" என்று தமிழில் கேட்டான்.

"நிப்பாங்க" என்றார் சேவியர்.

மறுநாள் எட்டுப் பேரும் ஏழேகால் பஸ்ஸில் போனார்கள். யாரும் காலையில் சாப்பிடவில்லை. சேவியர் முதலில் உள்ளே போனார்.